கதவைச் சாத்திக்கொள்ளச் சொன்னார்கள்

"மொட்டைமாடியில் மசாஜ் போன்ற காரியங்கள் செய்யக் கூடாது. இது குடும்பங்கள் வாழும் இடம்." 2021 ஜூன் மாதம், ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் எங்கள் குடியிருப்புச் சங்கத்தின் வாட்சப் குழுவில் வந்த அறிவிப்பு இது. நாள் குறித்து வைக்கும் பழக்கம் உள்ளவன் நான். இதையும் குறித்துவைத்தேன். வலது கை விழுந்துபோன ஒரு பெண்ணுக்கு எண்ணெய் போட்டுத் தேய்ப்பதைப் 'போன்ற' காரியம் வேறு எது என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

அந்தப் பெண் என் மனைவி ஸ்டெல்லா. அந்த ஆண்டு பிப்ரவரியில் அவளுக்குப் பக்கவாதம் வந்தது. கால் ஓரளவு திரும்பிவிட்டது, கை திரும்பவில்லை. முதல் சில மாதங்களில் மீட்டால்தான் உண்டு, அதற்குப் பிறகு கடினம் என்றார் டாக்டர். கொரோனா இரண்டாம் அலை வந்ததும், பயிற்சிக்குப் போய்வந்த பூந்தமல்லி ஆஸ்பத்திரியில் அந்தப் பிரிவை மூடிவிட்டார்கள். படுக்கைகள் மூச்சுத் திணறியவர்களுக்குத் தேவைப்பட்டன. அதில் குறை சொல்ல எனக்கு எதுவுமில்லை. ஆனால் ஸ்டெல்லாவின் விரல்கள் வாரத்துக்கு வாரம் உள்ளங்கைக்குள் மடங்கிக்கொண்டே போயின. வீட்டிலேயே யாரையாவது வைத்துத் தேய்த்து, மூட்டுகளை அசைத்துக்கொண்டிருங்கள் என்று டாக்டர் போனில் சொன்னார்.

கஸ்தூரி அப்படித்தான் வந்தார். நூம்பலில் எங்கள் சுற்றுச்சுவருக்குப் பின்னால் இருக்கும் பழைய தெருக்காரர். நாங்கள் குடியிருக்கும் இந்த நிலத்தில் அவருடைய அம்மா களை எடுத்திருக்கிறார். கஸ்தூரி ஓர் ஆஸ்பத்திரியில் ஆயாவாக இருந்தவர், பிள்ளை பெற்றவர்களுக்கு உடம்பு பிடித்துவிடுபவர்.

எங்கள் குமரி மாவட்டத்தில் இதை உழிச்சல் என்போம். மாமா ஒருவருக்கு இடுப்புப் பிடித்துக்கொண்டபோது, வீட்டுப் பின்புறத்தில் பலகை போட்டுப் பட்டப்பகலில்தான் உழிந்தார்கள். வேலிக்கு அப்பால் போகிறவர்கள் நின்று நலம் கேட்டுவிட்டுப் போனார்கள். இதைச் சொல்லி ஊரைப் புனிதமாக்க நான் தயாரில்லை. பெண்களுக்கு உழிய வந்தவளை முன்வாசல் வழியாக அங்கே ஒருநாளும் விட்டதில்லை. அந்த அசிங்கத்தை விட்டுத்தான் 2009இல் இங்கே வந்தேன் என்று நான் பெருமைப்பட்டுக்கொண்டதும் உண்டு.

மாடி என் யோசனை. மூடிய அறைக்குள் இரண்டு பேர் ஒரு கை இடைவெளியில் மூச்சுவிடுவதுதான் ஆபத்து என்று அதற்குள் எல்லாருக்கும் தெரிந்திருந்தது. காலையில் தண்ணீர்த் தொட்டியின் நிழலில் நாற்காலி போட்டேன். இருவருக்கும் முகக்கவசம். கஸ்தூரி பின்னாலோ பக்கவாட்டிலோ நிற்பார், முகத்துக்கு நேராக வரமாட்டார். முதல் நாள் அவருடைய எண்ணெய்க் கையில் சானிடைசரை ஊற்றிப் பார்த்தேன், வழுக்கியதுதான் மிச்சம். பிறகு மாடிக் குழாயடியில் முழங்கை வரை சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு வந்தார்.

அவர் வந்துபோவதைப் பார்த்த காவலாளி ஒருநாள் கேட்டான்: "இன்னா கஸ்தூரி, மேல பார்லர் தொறந்துட்டியா?"

"உன் பொண்டாட்டிய அனுப்பு நைனா. உன்ன எங்க புடிச்சா வழிக்கு வருவேன்னு சொல்லிக் குடுக்கறேன்" என்றார் கஸ்தூரி. மாடிக்கு வந்து அவர் இதைச் சொன்னபோதுதான், நோயில் விழுந்தபின் முதல்முறையாக ஸ்டெல்லா வாய்விட்டுச் சிரித்தாள். அதே வாரம் அவளுடைய ஆள்காட்டி விரல் தானாக நிமிர்ந்தது.

அடுத்த வாரம் அறிவிப்பு வந்தது. சங்கச் செயலாளரைப் போய்ப் பார்த்தேன். மென்பொருள் வேலை, மதுரைப் பக்கத்துக்காரர், நல்ல மனிதர் என்று பெயர். தன் போனில் ஒரு படத்தைக் காட்டினார். ஸ்டெல்லாவின் முதுகு, தோள்மேல் துண்டு, அதன்மேல் கஸ்தூரியின் இரண்டு கைகள். யாரோ எடுத்து அனுப்பியிருக்கிறார்கள். யார் என்று சொல்ல மறுத்துவிட்டார்.

"வீட்டுக்குள்ள என்ன வேணா பண்ணிக்கோங்க சார். கதவச் சாத்திட்டா யாரு கேக்கப்போறா? இங்க ஃபேமிலிஸ் இருக்காங்க."

"நாங்களும் ஃபேமிலிதான் சார்" என்றேன்.

கொள்ளைநோய்க் காலங்களைப் பற்றிக் கையில் கிடைத்ததையெல்லாம் வாசித்திருக்கிறேன். கிணற்றைச் சந்தேகித்த ஊர்களும் உண்டு, அந்நியரை அடித்து விரட்டிய ஊர்களும் உண்டு. காற்றோட்டத்தை ஒழுக்கக்கேடு என்ற ஊரை எங்கள் குடியிருப்பில்தான் கண்டேன். அந்த அறிவிப்பு வந்த வாரத்திலேயே கீழ்த்தளக் கூடத்தில் கதவைச் சாத்தி, ஏசி போட்டு, ஒரு பிள்ளைக்குப் பிறந்தநாள் கேக் வெட்டினார்கள். ஊதித்தான் மெழுகுவத்தியை அணைத்தார்கள். படமும் அதே குழுவில் வந்தது. அதற்கு இதயங்கள் விழுந்தன.

வீட்டுக்குள் வைத்துக்கொள்ளலாமா என்று கஸ்தூரியிடம் கேட்டேன். எங்கள் அறையின் ஒரே சன்னல் நடைக்கூடத்தைப் பார்த்தது. வாசலில் நின்றபடியே உள்ளே பார்த்துவிட்டு, ஸ்டெல்லாவிடம் சொன்னார்: "தப்பா நெனச்சுக்காதக்கா. ஊட்ல பொண்ணு புள்ள பெத்து படுத்துகினு கீது. இந்த ரூம்ல காத்தே இல்ல. நான் இங்கருந்து எதனா எடுத்துகினு போனா, அந்தப் பச்சப் புள்ளைக்கு யாரு பதில் சொல்லுவா?"

ஸ்டெல்லா இடது கையால் அவர் கையைப் பிடித்துக்கொண்டு தலையாட்டினாள்.

நானே தேய்த்துப் பார்த்தேன். என் கைக்கு அந்த வலுவும் இல்லை, பதமும் இல்லை. ஆஸ்பத்திரிப் பிரிவு திறந்தபோது ஆடி போய்விட்டது. நிமிர்ந்த அந்த ஒரு விரல் மட்டும் நிமிர்ந்தே இருக்கிறது. மற்ற நான்கும் மடங்கியவை மடங்கியவைதான். இன்றும் தோள் உயரத்துக்கு வந்து கை நின்றுவிடுகிறது. தலை சீவ நான்தான்.

எனக்கு மிஞ்சியது செயலாளரின் போனில் பார்த்த அந்தப் படம். தொட்டியின் நிழலையும் கைப்பிடிச் சுவரையும் வைத்துப் பார்த்தால், எதிர் பிளாக்கின் மேல்தளத்திலிருந்துதான் எடுத்திருக்க முடியும். எங்கள் மாடியைப் பார்க்கும் சன்னல் அங்கே இரண்டு வீடுகளுக்குத்தான். ஒன்று, இந்த நிலத்தை விற்றுவிட்டு இதிலேயே ஒரு வீடு வாங்கிய உள்ளூர்க் குடும்பம். மற்றது எங்கள் குமரி மாவட்டத்துக் கல்குளம் தாலுகாக்காரர் வீடு. ஊர்ப்பேச்சு பேச ஆள் கிடைத்தாரே என்று, வந்த புதிதில் ஸ்டெல்லா அவர்களுக்கு மரச்சீனிக்கிழங்கு வேகவைத்துக் கொடுத்தனுப்பியிருக்கிறாள்.

போன ஞாயிற்றுக்கிழமை சர்ச்சிலிருந்து திரும்பும்போது கேட்டருகில் அந்தக் கல்குளத்துக்காரர் எதிரே வந்தார். "அக்காக்கு கை இப்பம் எப்பிடி உண்டு?" என்று கேட்டார். பத்து வருடங்களாக அவரிடம் ஊர்ப்பேச்சில் மட்டுமே பதில் சொல்லிவந்திருக்கிறேன். அன்று என் வாயில் வந்தது கஸ்தூரியின் பேச்சு: "அப்டியேதான் கீது." அவர் சற்று நின்று பார்த்துவிட்டுப் போனார். அந்த இரண்டு சன்னல்களில் எதிலிருந்து படம் எடுக்கப்பட்டது என்பது இதை எழுதும் நாள்வரை உறுதியாகவில்லை.