நான் நீக்கச் சொன்ன பக்கம்

காது கேளாத பிள்ளைகளைப் பெற்றவர்கள் தங்களுக்குள் பேசிக்கொள்ளும் இணையதளம் அது. ஒரு சிறிய அறக்கட்டளை பல வருடங்களாக அதை நடத்திவந்தது. சிறுசேரியில் நான் வேலை பார்க்கும் நிறுவனம் வருடத்துக்கு ஒரு நல்ல காரியம் செய்யும். அந்த வருடத்து நல்ல காரியமாக, தளத்தைப் புதிதாக வடிவமைத்துத் தருவதென்று முடிவானது. யார் பொறுப்பெடுக்கிறீர்கள் என்று மேனேஜர் கேட்டபோது நானாகத்தான் கை தூக்கினேன்.

பழைய தளத்தைப் பார்த்ததும் எனக்குச் சிரிப்பு வந்தது. பச்சைப் பின்னணியில் சிவப்பு எழுத்து. மூலையில் ஒரு தாமரை சுற்றிக்கொண்டே இருந்தது. ஆனால் அதில் எப்போதும் பேச்சு நடந்துகொண்டிருந்தது. காதுமிஷின் பேட்டரி எங்கே கிடைக்கும், எந்தப் பள்ளியில் சேர்த்துக்கொள்வார்கள், ஆபரேஷனுக்கு அப்புறம் குழந்தை எப்போது பேசும் என்று ஒருவர் கேட்க, இன்னொருவர் பதில் சொல்லுவார். பக்கத்தின் அடியில் ‘நாட்குறிப்பு’ என்று ஒரு பகுதி. யார் வேண்டுமானாலும் தங்களுக்கென ஒரு பக்கம் திறந்து தினமும் எழுதலாம். எந்தப் பகுதியை எத்தனை பேர் பார்க்கிறார்கள் என்ற பட்டியலை எடுத்தபோது அதுதான் கடைசியில் இருந்தது. எழுதுகிறவர்கள் சிலர், அவர்களைத் தவிர வேறு யாரும் அதைப் படிப்பதாகத் தெரியவில்லை. நீக்கிவிடலாம் என்று சொன்னேன்.

அறக்கட்டளையை நடத்தும் அம்மா சற்றுத் தயங்கினார். “அதுல தெனமும் எழுதறவங்க இருக்காங்களேம்மா.”

“ஒரு மாசம் முன்னாடியே சொல்லிடுவோம் மேடம். வேணுங்கறவங்க காப்பி எடுத்துக்குவாங்க” என்றேன்.

சொன்னபடி மின்னஞ்சல் போனது, ஆங்கிலத்தில். அலுவலகத்தில் அதற்கென்று தயாராக இருந்த வாசகம் அது. தமிழில் எழுத எனக்கு அரை மணி நேரம்கூட ஆகியிருக்காது. தளத்தின் முகப்பிலும் அறிவிப்பு வைக்கலாமே என்று ஒருவர் சொன்னார். பார்க்க அசிங்கமாக இருக்கும் என்று தடுத்தேன்.

புதுத் தளம் வந்த அன்று காலையிலேயே திட்ட ஆரம்பித்துவிட்டார்கள். ‘எழுத்து எறும்பு மாதிரி கீது, ஒண்ணும் தெரியல.’ ‘கேள்வி கேக்கற பட்டன எங்க ஒளிச்சு வச்சீங்க?’ ‘நல்லாத்தானே இருந்தது, யாரு மாத்தச் சொன்னாங்க?’ ‘பழசையே திருப்பிக் குடுங்க.’ மதியம் கேன்டீனில் நாங்கள் இவற்றை வாசித்துக் காட்டிச் சிரித்தோம். எதை மாற்றினாலும் இரண்டு வாரம் கத்துவார்கள், அப்புறம் பழகிவிடும் என்று குழுவில் இருந்தவர்களுக்கு நான்தான் தைரியம் சொன்னேன்.

மூன்றாவது வாரமும் அடங்கவில்லை. மேனேஜர் ஒருமுறை முகத்தைச் சுளித்தார். அதற்கு அப்புறம் நான் செய்ததை இன்றுவரை அலுவலகத்தில் யாரிடமும் வாய்விட்டுச் சொன்னதில்லை. ‘இரு பிள்ளைகளின் அம்மா’ என்று ஒரு பொய்க் கணக்கைத் தொடங்கினேன். எனக்குப் பிள்ளைகள் இல்லை. ‘புதுசு ரொம்ப அழகா இருக்கு, என் பசங்களுக்கும் பிடிச்சிருக்கு’ என்று அதில் எழுதினேன். இரண்டு பேர் அதை ஆமோதித்தார்கள். அந்தச் சந்தோஷத்தில் இன்னும் நாலு இடத்தில் எழுதினேன்.

அப்போதுதான் அந்தப் பதிவு வந்தது. ‘என் பொண்ணு நாலு வருசமா பேசின வார்த்தை எல்லாம் நாட்குறிப்புல எழுதி வச்சிருந்தேன். இப்ப அந்தப் பக்கத்தையே காணோம். எங்க போய்ப் பாக்கணும், தயவுசெஞ்சு யாராவது சொல்லுங்க.’ மறுநாள் அதையே மறுபடி போட்டிருந்தார். அதற்கு மறுநாளும். கீழே ஆறுதலும் கோபமுமாகப் பலர் சேர்ந்துகொண்டார்கள். நான் என் பொய்க் கணக்கில் போய், ‘பழசையே பிடிச்சுத் தொங்காதீங்க சிஸ்டர், நாமதான் மாறணும்’ என்று எழுதிவிட்டு வேறு வேலையைப் பார்க்கப் போனேன்.

இரண்டு நாள் கழித்து அறக்கட்டளை அம்மா போன் செய்தார். “அந்தப் பொண்ணு எங்க சென்டருக்கு வந்து அழுதுட்டுப் போச்சு. எப்படியாவது எடுத்துக் குடும்மா.”

எடுத்துவிடலாம் என்றுதான் நினைத்தேன். பழைய சர்வரை வேலை முடிந்த கையோடு, அதை வாடகைக்குக் கொடுத்த கம்பெனியிடம் ஒப்படைத்திருந்தோம். அவர்கள் அதை அழித்துவிட்டிருந்தார்கள். பரிசோதனைக்காக நாங்கள் எடுத்து வைத்த நகல் ஒன்று மட்டும் இருந்தது. அதில் கடைசிச் சில மாதங்கள்தான் இருந்தன. அதற்கு முந்தைய மூன்று வருடங்களுக்கும் மேலானது எங்கும் இல்லை.

“இதை நான் போன்ல சொல்ல மாட்டேன். நீயே நேர்ல போய்ச் சொல்லு” என்று அந்த அம்மா, பதிவு எழுதிய பெண்ணின் திருவிடந்தை விலாசத்தைக் கொடுத்தார்.

கிடைத்ததை அச்செடுத்துக்கொண்டு ஒரு சனிக்கிழமை காலை போனேன். கோயிலைத் தாண்டி உள்ளே ஓட்டுவீடு. கணவர் ஷேர் ஆட்டோ ஓட்டப் போயிருந்தார். தளத்தில் வேலை பார்த்தவள் என்று நான் சொன்னதும் அந்தப் பதிவை எழுதியவர் முகம் மலர்ந்து, நாற்காலியைத் துடைத்துப் போட்டார். என்னைவிடப் பத்து வயது இளையவராக இருப்பார். தரையில் ஒரு ஏழு வயதுப் பெண் வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்தாள். காதுக்குப் பின்னால் மிஷின். நான் பேசும்போதெல்லாம் என் வாயையே பார்த்தாள்.

அவளுடைய அம்மா காகிதங்களை வாங்கி முதல் பக்கத்தைப் பார்த்தார். “இது போன தை மாசத்துலேர்ந்துதானே கீது? அதுக்கு முன்னாடிது?”

“அது கிடைக்கல.”

“தேடிகினு கீறீங்களா?”

“இல்ல. போயிடுச்சு. இனிமே வராது.”

அவர் காகிதங்களை மடியில் வைத்துக்கொண்டார். “மொத மொத இவ சொன்னது ‘பச்சு’ன்னு. ரோட்ல பஸ்ஸு போவசொல்ல கையக் காட்டி சொன்னா. அது மறக்காது மேடம். அதுக்கப்புறம் ஒவ்வொண்ணும் எந்த நாளு சொன்னா, எத்தப் பாத்துச் சொன்னா, எல்லாம் அதுலதான் எழுதிகினு வந்தேன். மழைக்கு இந்த வூட்ல தண்ணி பூந்துடும். நோட்டு நனைஞ்சி பூடும், நெட்ல இருந்தா பத்திரமா இருக்கும்னு தெரபி மேடம் சொன்னாங்க.”

“மெயில் அனுப்பியிருந்தோமே” என்றேன். எப்படி அது என் வாயில் வந்தது என்று தெரியவில்லை.

“மெயிலெல்லாம் நான் பாக்கறதில்ல. அந்த ஐடியே செல்போன் கடைக்காரரு போட்டுக் குடுத்தது.” சொல்லிவிட்டுப் போனை எடுத்து எதையோ தேடி என்னிடம் நீட்டினார். “ஒங்க மேலகூட எனக்குக் கோவம் இல்ல மேடம். ஒங்களுக்கு அது வேல. இவங்களப் பாருங்க, ரெண்டு புள்ள பெத்தவங்களாம். பழசப் புடிச்சித் தொங்காதன்றாங்க. இவங்க புள்ள பேசினா இவங்களுக்கு எழுதி வெக்கத் தோணாதா?”

போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டு எழுந்தேன். குடிக்கத் தண்ணீர் கொடுத்தார், குடித்தேன். வாசல்வரை வந்து வழி சொன்னார். ஈசிஆர் சாலையில் பஸ் நிறுத்தத்துக்கு வந்து நின்றேன். ஒரு பஸ் வந்து நின்றது, ஏறவில்லை. திரும்பி நடந்தேன்.

அவர் அதே இடத்தில் உட்கார்ந்து காகிதங்களைப் படித்துக்கொண்டிருந்தார். “அந்த ரெண்டு பிள்ளை பெத்தவங்க வேற யாரும் இல்லம்மா. நான்தான் எழுதினேன்” என்றேன்.

முதலில் அவருக்குப் புரியவில்லை. மறுபடி சொன்னேன்.

“ஒங்களுக்குப் புள்ள கீதா?”

“இல்ல.”

“அப்ப இன்னாத்துக்கு அப்படி எழுதினீங்க?”

எங்கள் வேலையைக் குறை சொன்னது பொறுக்கவில்லை என்பதுதான் உண்மையான பதில். அந்த வீட்டில் நின்றுகொண்டு அதைச் சொல்ல முடியவில்லை. மகள் அம்மாவின் தோளைத் தொட்டு, “இன்னாம்மா? இன்னா?” என்று கேட்டாள். ஒவ்வொரு எழுத்தும் தெளிவாக விழுந்தது.

“ஒண்ணுமில்லடா” என்று அவளிடம் சொல்லிவிட்டு என்னைப் பார்த்தார். “நீங்க கெளம்புங்க.”

திங்கட்கிழமை என் சொந்தப் பெயரில் தளத்தில் எழுதினேன். நாட்குறிப்பை நீக்கச் சொன்னது நான், ஆங்கிலத்தில் மட்டும் அறிவித்தது நான், உங்களில் ஒருத்தி போல நடித்ததும் நான். நிறையப் பேர் திட்டினார்கள். ஒருவர், ‘சொன்னதுக்கு நன்றி, அப்படியே எழுத்தையும் பெரிசாக்குங்க’ என்று எழுதியிருந்தார். மேனேஜரிடம் சண்டை போட்டு எழுத்தைப் பெரிதாக்கினோம், பட்டனைப் பழைய இடத்திலேயே வைத்தோம், நாட்குறிப்பையும் திருப்பிக் கொண்டுவந்தோம். பொய்க் கணக்கைப் பற்றி மட்டும் மேனேஜர் கேட்கவில்லை. அவர் என் பதிவைப் படிக்கவே இல்லை என்று நினைக்கிறேன். நானும் போய்ச் சொல்லவில்லை.

திருவிடந்தை அம்மாவுக்கென ஒரு பக்கம் திறந்து, மீட்ட மாதங்களை நானே ஏற்றி வைத்தேன். அதற்குமேல் அதில் ஒரு வரிகூட ஏறவில்லை. அவரும் இன்னும் சில அம்மாக்களும் தனியாக வாட்ஸ்அப் குழு ஒன்று வைத்திருப்பதாக அறக்கட்டளை அம்மா சொன்னார். அங்கே அவர் எழுதுவதில்லையாம். மகள் பேசுவதை அப்படியே பதிவு செய்து போடுகிறாராம். ஒன்றையாவது எனக்கு அனுப்பச் சொல்லிக் கேட்க வாயெடுத்தேன். அப்புறம் கேட்கவில்லை.