வலப்பக்கம் திரும்பாத படகு

படகுத்துறையில் அந்த மெக்கானிக்கை எல்லோரும் ‘வழவழா’ என்றுதான் அழைப்பார்கள். கையில் எப்போதும் கிரீஸ். பேச்சில் அதைவிட அதிகம். "இன்ஜின் ரெடியா?" என்று கேட்டால், "ரெடின்னு சொல்லிட முடியாது, ரெடி இல்லைன்னும் சொல்லக் கூடாது, ரெடிக்குப் பக்கத்துல வந்து நிக்குது" என்பார். கேட்டவர் தலையைச் சொறிந்துகொண்டு போவார். இன்ஜின் என்னவோ சாவியைத் திருப்பியதும் கிளம்பிவிடும்.

சத்தம் போடும் எதையும் பார்த்துக்கொண்டு அவரால் சும்மா இருக்க முடியாது. அவர் வீட்டில் கதவு முனகாது, ஜன்னல் கிறீச்சிடாது, மின்விசிறி மூச்சு விடாது. அங்கே சத்தம் போட அனுமதி உள்ள ஒரே ஜீவன் அவருடைய மனைவி. அவர்தான் அக்கரைக்குப் போகும் பயணிகள் படகை ஓட்டும் டிரைவரம்மா. டிரைவரம்மாவின் தம்பி படகில் டிக்கெட் கிழிப்பவன். ஒரே குடும்பத்தை நம்பி ஊரே ஆற்றைக் கடந்துகொண்டிருந்தது. அந்தக் குடும்பத்துக்குள் அன்று பேச்சுவார்த்தை இல்லை என்பது ஊருக்குத் தெரியாது.

காரணம் ஒரு நாற்காலி. டிரைவர் இருக்கை லேசாக முனகுகிறதே என்று வழவழா முந்தின நாள் அதன் அடிக்கழுத்தில் ஆசை தீர எண்ணெய் விட்டிருந்தார். டிரைவரம்மா வழக்கம்போலத் தொப்பென்று உட்கார்ந்தார். இருக்கை சுழன்றது. சுழன்றுகொண்டே இருந்தது. "குடைராட்டினத்துக்கும் இதே டிக்கெட்தானா?" என்று தினமும் அக்கரைக்குப் போகும் தையற்காரர் கேட்க, படகே கைதட்டியது. அதோடு வீட்டில் வாய்ப்பூட்டு.

இந்த இடத்தில் அந்தப் படகின் ஸ்டியரிங்கைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். அன்றைக்கு அத்தனை பேரின் உயிரும் அதில்தான் தொங்கியது. முன்னால் சக்கரத்தைத் திருப்பினால், ஓரமாக ஓடும் தடித்த கேபிள் ஒன்று பின்னால் உள்ள மோட்டாரைத் திருப்பும். கேபிளின் கடைசியில் விரல் பருமனில் ஓர் இரும்புத் தண்டு. மோட்டாரின் கழுத்தில் இருக்கும் குழாய்க்குள் அது போய்வரும். இடப்பக்கம் திருப்பினால் தண்டு வெளியே நீளும். வலப்பக்கம் திருப்பினால் உள்ளே போய் ஒளிந்துகொள்ளும். துரு அண்டாமலிருக்க அந்தக் குழாயில் உள்ள குமிழ் வழியாக அவ்வப்போது கிரீஸ் ஏற்ற வேண்டும். அதற்கு விதி ஒன்றே ஒன்று: ஏற்றும்போது தண்டு முழுசாக உள்ளே இருக்க வேண்டும். வெளியே நீண்டிருக்கும்போது ஏற்றினால், தண்டின் இடத்தில் கிரீஸ் குடியேறிவிடும். அப்புறம் தண்டு திரும்பி வந்தால், வாடகைக்கு விட்ட வீட்டுக்குச் சொந்தக்காரர் திரும்பி வந்த கதைதான். உள்ளே இருப்பவர் அசைய மாட்டார்.

இதற்குத் தம்பதிக்குள் ஒரு முறை உண்டு. டிரைவரம்மா சக்கரத்தை வலக்கடைசி வரை திருப்பிவிட்டு, "உள்ளேயா?" என்று குரல் கொடுப்பார். வழவழா பின்னால் குனிந்து பார்த்து "உள்ளே" என்பார். அவர் ஒற்றைச் சொல்லில் பதில் சொல்லும் இடம் உலகத்தில் அது ஒன்றுதான். கிரீஸ் ஏற்றிய பிறகு சக்கரத்தை இரண்டு பக்கமும் கடைசி வரை திருப்பி, "வலது?" "சரி." "இடது?" "சரி." அப்புறம்தான் கயிறு அவிழும்.

பேச்சே இல்லாத வீட்டில் இந்த முறை எப்படி நடக்கும்? அன்று காலை டிரைவரம்மா துறையின் விளிம்பில் முதுகைக் காட்டிக்கொண்டு டீ குடித்தார். சக்கரம் முந்தின நாள் விட்டபடி நேராகவே நின்றது. வழவழா அவராகவும் கேட்கவில்லை. கோபத்தையெல்லாம் கிரீஸ் துப்பாக்கியின் கைப்பிடியில் காட்டி, வழக்கத்தைவிட அதிகமாகவே ஏற்றினார். பிறகு எல்லாவற்றையும் துணியால் அழுத்தித் துடைத்தார்.

தூது போனவன் தம்பி. அவன் காதில் போன். கண்ணில் வேறெங்கோ பார்வை.

"மாமா, முடிஞ்சுதான்னு அக்கா கேக்குறாங்க."

"முடிஞ்ச மாதிரிதான் மாப்ளே. ஆனா முடிஞ்சுடுச்சுன்னு சொல்றதுக்கு முன்னாடி, ஒரு தடவை ரெண்டு பக்கமும்..."

"முடிஞ்சுதாம்க்கா!"

மாப்பிள்ளைக்கு மாமாவின் வாக்கியங்கள் முடியும்வரை நிற்கும் பழக்கமில்லை. யாருக்குமே இல்லை. கயிறு அவிழ்ந்தது. படகு நிறைய ஆட்களோடு துறையைவிட்டு நேராக விலகியது.

வழவழா குழாயடிக்குப் போய்க் கையில் சோப்பைக் குழைத்தார். தோளில் கிடந்த துணியை உதறினார். அதில் நீளமாக ஒரு கிரீஸ் கோடு, விரல் பருமனில். தண்டைத் துடைத்த கோடு. பளபளவென்று மின்னிய தண்டை நன்றாகத் தேய்த்துத் துடைத்தது ஞாபகம் வந்தது.

தண்டு மின்னியதைப் பார்த்தாரா? பார்த்தார். பார்க்க முடிந்ததென்றால் அது வெளியே இருந்திருக்கிறது.

சோப்பு கையிலிருந்து வழுக்கி விழுந்தது.

படகு நீரோட்டத்தோடு நேராகப் போய்க்கொண்டிருந்தது. நேராகப் போகும், இடப்பக்கமும் திரும்பும். ஆனால் கொஞ்ச தூரத்தில் இடிந்த பழைய பாலத்தின் தூண்கள் நிற்கின்றன. அவற்றைத் தாண்ட வலப்பக்கம் ஒடித்துத் திருப்பியாக வேண்டும். திரும்பாது. மனைவியின் கை பலம் அவருக்குத் தெரியும். திரும்பாததை விட்டுவிடும் பழக்கம் அந்த அம்மாளுக்கு இல்லை. முறுக்கினால் கேபிள் பிய்ந்துவிடும். பிய்ந்தால் இடமும் போச்சு, வலமும் போச்சு. இன்ஜினை அணைத்தால் நீரோட்டமே படகைத் தூணில் கொண்டுபோய் ஒப்படைத்துவிடும்.

மனைவியின் எண்ணை அழுத்தினார். படகு ஓட்டும்போது போனைத் தகரப் பெட்டியில் பூட்டி வைப்பது அவருடைய சட்டம். பெட்டி எடுக்கவில்லை. மச்சானின் எண்ணை அழுத்தினார். அவன் வேறோர் அழைப்பில் இருப்பதாக ஒரு குரல் மிக இனிமையாகச் சொன்னது.

"துண்டைக் காட்டுங்கண்ணே, பார்த்துட்டு நிறுத்துவாங்க" என்றார் டீக்கடைக்காரர். வழவழா துண்டை வீசினார். படகிலிருந்து இரண்டு மூன்று பேர் அன்போடு பதிலுக்குக் கை வீசினார்கள்.

வேறோர் அழைப்பு. யாரோடு? தலைவலியே வராத ஒருவன் தினமும் தலைவலித் தைலம் வாங்குவது ஏன் என்று தெருவுக்கே தெரியும், அவனுடைய அக்காவைத் தவிர. வழவழா செருப்பை விட்டுவிட்டு ஓடினார். இரும்புக் கடை, சலவைக் கடை, சைக்கிள் நிறுத்தம், அதற்கடுத்து மருந்துக்கடை. கவுண்டருக்குப் பின்னால் அந்தப் பெண் மாத்திரை அட்டைகளை அடுக்குவதுபோல் பாவனை செய்துகொண்டு, போனுக்குள் குசுகுசுத்துக்கொண்டிருந்தாள்.

"அந்த போனைக் குடும்மா!"

"சார்... இது எங்க சித்தி..."

"உங்க சித்திதான் எங்க படகுல டிக்கெட் கிழிச்சிட்டு இருக்கார். குடு!"

போன் சோப்புக் கைக்கு மாறியது.

"மாப்ளே!"

அந்தப் பக்கம் டிக்கெட் கட்டு கீழே விழும் சத்தம். பிறகு, "மா... மாமாவா?"

"நான்தான். விஷயம் என்னன்னா, பயப்படுற மாதிரி ஒண்ணுமில்லை, ஆனா ஒண்ணுமே இல்லைன்னும் சொல்லிட முடியாது..."

"மாமா, சத்தியமா நானே சொல்லலாம்னுதான் இருந்தேன். அக்காகிட்ட மட்டும் இப்போ சொல்லிடாதீங்க."

"அக்காகிட்டதான்டா சொல்லணும்! இப்பவே சொல்லணும்!"

"கால்ல விழறேன் மாமா. அடுத்த மாசம் நல்ல நேரம் பார்த்து..."

கடை வாசலிலிருந்து ஆறு தெரிந்தது. தூண்களும் தெரிந்தன. படகின் மூக்கு வலப்பக்கம் போகப் பார்த்து, போகாமல், அப்படியே நேராக நின்றது. டிரைவரம்மா திருப்பத் தொடங்கிவிட்டார்.

வழவழாவின் வாயிலிருந்து வழுக்காத வாக்கியங்கள் வந்தன.

"டேய், வாயை மூடு. தண்டு வெளியே இருக்கும்போது கிரீஸ் ஏத்திட்டேன். தப்பு என்னோடது. படகு வலப்பக்கம் திரும்பாது. ஸ்பீக்கர்ல போட்டு அக்கா காதுல வை."

தடதடவென்று ஓடும் சத்தம். மோட்டார் இரைச்சல். நடுவில் மனைவியின் குரல், நேற்றிலிருந்து அவர் கேட்காத குரல்: "சக்கரம் வர மாட்டேங்குது! டேய், நீயும் வந்து பிடி, சேர்ந்து இழுப்போம்!"

"இழுக்காதே!" வழவழா போட்ட சத்தத்தில் மருந்துக்கடைப் பெண் பின்னால் நகர்ந்தாள். "கேபிள் பிஞ்சிடும். கையை எடு!"

"கையை எடுத்துட்டு? தூண்ல போய் குடியிருக்கவா?"

"இடது! முழு இடது! அப்படியே சுத்தித் திரும்பி வா!"

"இடம் பத்துமாங்க?"

"பத்தும்னு சொல்லிட முடி..." நாக்கைக் கடித்துக்கொண்டார். படகிலிருந்து கேட்டுக்கொண்டிருந்த அத்தனை பேரும் மூச்சைப் பிடித்தது போனின் சின்ன ஓட்டை வழியாகவே தெரிந்தது. "பத்தும். திருப்பு."

படகு சாய்ந்தது. ஒரு பக்கத்துப் பலகை தண்ணீரைத் தொடுமளவுக்குச் சாய்ந்து, இடப்பக்கமாக வளைந்தது. மூக்கு தூணைத் தாண்டிவிட்டது. ஆனால் மூக்கு இடப்பக்கம் போனால் வால் வலப்பக்கம் வீசும். அந்த வாலுக்காக முதல் தூண் காத்துக்கொண்டிருந்தது. போனில் யாரோ கடவுளைக் கூப்பிட்டார்கள். யாரோ கடவுளோடு சேர்த்து மெக்கானிக்கையும் கூப்பிட்டார்கள். ஆனால் வேறு தொனியில். கட்டை சிமென்ட்டில் உராயும் சத்தம் கரகரவென்று நீளமாகக் கேட்டது. அந்த ஒரு சத்தத்துக்கு எண்ணெய் விட வழவழாவால் முடியவில்லை.

பிறகு, "வந்துட்டோம் மாமா... சுத்திட்டோம்" என்று தம்பியின் குரல், அழுகையும் சிரிப்புமாக.

துறைக்குத் திரும்பவும் வலப்பக்கம் தேவைப்பட்டது. அது இல்லாததால் டிரைவரம்மா இன்னொரு முறை இடப்பக்கம் வட்டமடித்து, துறைக்கு நேராக வந்து, இன்ஜினை அணைத்து மிதக்க விட்டார். எறிந்த கயிற்றை டீக்கடைக்காரரும், போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டு ஓடி வந்த வழவழாவும் சேர்ந்து பிடித்து இழுத்தார்கள். படகின் பின்பக்கத்தில் பெயின்ட் போய் வெள்ளை மரம் தெரிந்தது. டிரைவரம்மா இறங்கவில்லை. சக்கரத்திலிருந்து கையை எடுக்கவுமில்லை.

பயணிகள் துறையில் கூடி நின்று பார்க்க, வழவழா நட்டைக் கழற்றி, தண்டைக் குழாயிலிருந்து உருவினார். உள்ளே அடைத்துக்கொண்டிருந்த கிரீஸ் புழுபுழுவென்று வெளியே வந்தது. "இதை வச்சு ஊர்ல உள்ள கதவுக்கெல்லாம் பூசலாமே" என்றார் தையற்காரர். யாரும் சிரிக்கவில்லை. குழாயைத் துடைத்து, தண்டுக்கு மெல்லிசாகப் பூசி, மறுபடி மாட்டி, புது நட்டுப் போட்டு இறுக்கினார். பிறகு கிரீஸ் துப்பாக்கியைக் கையில் எடுத்துக்கொண்டு சும்மா நின்றார். சக்கரத்தைத் திருப்பும்படி மனைவியிடம் கேட்க அவருக்கு முகம் இல்லை.

முன்னாலிருந்து சக்கரம் சுழலும் சத்தம் வந்தது. வலக்கடைசி வரை.

"உள்ளேயா?"

குனிந்து பார்த்தார். "உள்ளே."

கொஞ்சமாக ஏற்றினார். "வலது?" "சரி." "இடது?" "சரி."

படகு தயார். ஆனால் ஏற ஒருவரும் தயாரில்லை. தையற்காரர்தான் வாயைத் திறந்தார்: "மெக்கானிக் ஏறினா நானும் ஏறுறேன்."

இத்தனை வருஷத்தில் வழவழா அந்தப் படகில் ஒருமுறைகூட அக்கரை போனதில்லை. நீச்சல் தெரியாது என்பதை வெளியே சொன்னதுமில்லை. "எனக்கு ஆட்சேபணைன்னு இல்லை, ஆனா கரையில ஒரு ஆள் இருக்கிறதும் ஒரு விதத்துல..." என்று ஆரம்பித்தார்.

"ஏறுங்க" என்றார் டிரைவரம்மா.

ஏறினார். பின்னால் மோட்டாருக்குப் பக்கத்தில், ஸ்பேனரை மடியில் வைத்துக்கொண்டு, பலகையை இரு கையாலும் பற்றிக்கொண்டு உட்கார்ந்தார். அவருக்குப் பின்னால் ஒவ்வொருவராக ஏறினார்கள். தூண்கள் நெருங்க நெருங்கப் படகில் பேச்சு குறைந்தது. தண்ணீரைப் பார்க்கப் பயந்து வழவழா தண்டையே பார்த்துக்கொண்டிருந்தார். அது அசைந்தது. மெதுவாக, சத்தமே இல்லாமல், குழாய்க்குள் நழுவிப் போயிற்று. படகு வலப்பக்கம் திரும்பியது.

தலையைத் திருப்பாமலேயே டிரைவரம்மா கேட்டார்: "உள்ளேயா?"

"உள்ளே."

முதல் தூண் பக்கவாட்டில் கடந்து போனது. அதன்மேல் படகின் நீலப் பெயின்ட் ஒரு கோடாக ஒட்டியிருந்தது. யாரோ பெருமூச்சு விட்டார்கள். அந்த நேரம் பார்த்துத் தம்பியின் சட்டைப்பையில் போன் அடித்தது. அவன் எடுக்கவில்லை. அது விடாமல் அடித்தது.

முன்பு தம்பி போனைத் தன் காதில் வைத்தபோதே திரையில் இருந்த பெயரைப் பார்த்துவிட்டிருந்த டிரைவரம்மா, சக்கரத்தைப் பிடித்தபடியே சொன்னார்:

"எடுடா. தைலம் கூப்பிடுது."