தங்கவேல் சாரின் ரெண்டு நம்பர்

தங்கவேல் சார் போயிட்டார். காலையில், கோயம்புத்தூர் ஆஸ்பத்திரியில்... அவர் மகள் போன் பண்ணிச் சொன்னாங்க.

தெரியாதவங்களுக்குச் சொல்றேன். ஊட்டியில் ஜியாலஜி புரொபசரா இருந்தவர். நான் அவர் டிபார்ட்மென்ட்டில் பத்தொன்பது வருஷம் டைப்பிஸ்ட். மண்ணுக்கு அடியில் தண்ணி எவ்வளவு, தாது எவ்வளவுன்னு மத்தவங்க கணக்குப் போடுவாங்க. அந்தக் கணக்கு எவ்வளவு தப்பாகலாம் என்பதுதான் சாரோட ஆராய்ச்சி.

போர் போடறதுக்கு முன்னால் ஜீப் டிரைவர் உட்பட எல்லாரும் சீட்டு எழுதணும். தண்ணி எத்தனை அடியில் வரும்? குறைஞ்சது ஒண்ணு, அதிகபட்சம் ஒண்ணு... ரெண்டு நம்பர். கவரில் போட்டு ஒட்டிடுவார். போர் போட்டு முடிச்சுப் பிரிச்சா முக்கால்வாசிப் பேர் அவுட். சில நாள் சாரும் அவுட். அன்னைக்கு அவருக்கு அப்படி ஒரு சிரிப்பு வரும்.

ஒரு தடவை ரிப்போர்ட்டில் ஒரே நம்பர் போதும்னு மேலே இருந்து கேட்டாங்க. நான் பெரிய புத்திசாலி மாதிரி ரெண்டுக்கும் நடுவில் ஒண்ணை டைப் பண்ணி அனுப்பிட்டேன். சார் திட்டல. எல்லாக் காப்பியையும் திரும்ப வாங்கி, பக்கம் பக்கமா ரெண்டு நம்பரையும் பேனாவில் எழுதினார். புரொபசர் போஸ்ட் லேட்டா வந்ததும் இதனாலதான். ரெண்டில் எது சரின்னு இன்டர்வியூவில் கேட்டாங்களாம். தெரியாதுன்னு சொல்லிட்டு எழுந்து வந்துட்டார்.

போன வருஷம் அரவேணுவில் எங்க வீட்டுக்குப் பின்னாடி இருக்கிற சரிவு மழைக்குத் தாங்குமான்னு பார்க்கக் கூப்பிட்டேன். கையால் திருகுற கம்பியோட வந்து நாலு குழி போட்டார். ஒண்ணில் ஆள் உயர ஆழத்திலேயே பாறை. பக்கத்துக் குழியில் கம்பி முழுசும் உள்ளே போயிடுச்சு... பாறையே தட்டல.

வீடு நிக்கும்னு ஒரு வார்த்தை சொல்லுங்க சார்னு கெஞ்சினேன்.

"சொல்ல மாட்டனுங்க. சொன்னா நீங்க நிம்மதியாத் தூங்கிருவீங்க."

போன வாரம் மழை பிடிச்சது. முந்தாநாள் பின்சுவர் ஓரம் புதுசா ஊத்து. உடனே சாருக்குப் போன் போட்டேன். அவர் ஆஸ்பத்திரியில் இருக்கார்னே எனக்குத் தெரியாது. குரல் கிணத்துக்குள்ள இருந்து வந்த மாதிரி இருந்தது. தண்ணி தெளிவா இருக்கா, கலங்கலா இருக்கான்னு மட்டும் கேட்டார். கலங்கலாத்தான், மண்ணையும் சேர்த்துக்கிட்டு வருதுன்னு சொன்னேன்.

"கெளம்பிருங்க. இப்பவே."

பழக்கதோஷம்... இன்னொண்ணும் சொல்வார்னு காதை வெச்சுக் காத்திருந்தேன். சொல்லல. சார் ஒரே ஒரு பதிலோட நிறுத்தினது அதுதான் முதல் தடவை.

என் மகளைக் கூட்டிக்கிட்டு குன்னூரில் அக்கா வீட்டுக்கு வந்துட்டேன். என் வீட்டுக்காரர் வரல. "உங்க சாருக்கு என்னைக்குத்தான் உறுதியாத் தெரிஞ்சிருக்குது?"ன்னு அங்கேயே உட்கார்ந்துட்டார்.

இன்னைக்கு வீட்டுக்காரருக்குப் போன் பண்ணிச் சாவுச் செய்தி சொன்னேன். பூட்டிட்டு வர்றேன்னார். அப்போ மணி பதினொண்ணு. இப்போ ஒண்ணரை. போன் அடிக்குது, எடுக்கல.

அரவேணு ஆளுங்க யாராவது இதைப் பார்த்தா எங்க வீட்டுப் பக்கம் கொஞ்சம் எட்டி... இல்லை, வேண்டாம். நீங்களும் உள்ளே போகாதீங்க. ரோட்டில் நின்னே சத்தம் போட்டுக் கூப்பிடுங்க.

ரொம்பப் பயமா இருக்கு சார். ரெண்டு பேர் வந்துட்டோம். அவரும் வந்துடுவார்.

போயிட்டு வாங்க சார்.