கருவாட்டுக் குழியும் கல் குழியும்

பல லட்சம் வருஷம் ஆகும் வேலையைப் பத்தே நாளில் முடித்துக் காட்டுகிறேன் என்று கிளம்பிய முட்டாள் நான். அப்போது ஆறாம் வகுப்பு. கணக்கில் எப்போதுமே மட்டம்.

எல்லாம் அக்காவும் அத்தானும் போட்ட சண்டையால் வந்தது. அத்தை மகனான அத்தான், கச்சிராயபாளையத்திலிருந்து வெள்ளிமலைக்கு ஜீப் ஓட்டினார். அது நின்ற இடமெல்லாம் ஆயில் சொட்டும். அக்கா கல்லூரியில் நிலவியல் படித்தாள். வரப்புத் தகராறில் அப்பாவுக்கும் அத்தை வீட்டுக்கும் பேச்சே கிடையாது. ஆனாலும் காலையில் நானும் அக்காவும் பஸ்ஸுக்கு நிற்கும்போது ஜீப் வந்து நிற்கும்.

“கடல்ல செத்த பூச்சி பொட்டுங்க சேத்துல பொதைஞ்சி, சூட்டுல வெந்துதான் பெட்ரோல் ஆச்சி,” என்பாள் அக்கா.

“செத்ததுமில்ல, வெந்ததுமில்ல. பூமிக்கு அடியில பாறையிலயே ஊறுது. ரஷ்யாக்காரன் அப்பவே சொல்லிட்டான்,” என்பார் அத்தான்.

“ஜீப்பு ஓட்றவங்க ஜீப்ப மட்டும் ஓட்டுங்க!”

இரண்டு பஸ் போய்விடும், சண்டை முடியாது.

“யாரு சொல்றது சரின்னு கண்டுபுடிடா, முன்சீட்டுல குந்த வச்சி வெள்ளிமலைக்கு இட்டுனு போறேன்,” என்று அத்தான் சொன்னதிலிருந்து எனக்கு இருப்புக்கொள்ளவில்லை.

ஆள் நடமாட்டமே இல்லாத இடமாகப் பார்த்து, மாட்டுக்கொட்டகைக்குப் பின்னால், கரும்பு ஓரமாக இரண்டு குழி தோண்டினேன். ஒன்றில், கடல் பிராணி வேண்டுமே, அடுப்படியில் திருடிய நெத்திலிக் கருவாடு. மற்றதில் வெறும் கருங்கல். இரண்டிலும் தினமும் ஒரு சொம்பு தண்ணீர். சோற்றில் கை வைத்தால் குழி ஞாபகம் வரும்; எழுந்து ஓடுவேன். மூன்றாம் நாளே கருவாட்டை நாய் ஆராய்ச்சி செய்துவிட்டுப் போய்விட்டது.

பத்தாம் நாள் பள்ளி விட்டு ஓடிப் பார்த்தால், கல் குழியில் கறுப்பாக எண்ணெய்! மேலே வானவில் மாதிரி மின்னியது. மாட்டை ஓட்டிக்கொண்டு வந்த அப்பாவின் கையைப் பிடித்து, “அப்பா, பெட்ரோலு!” என்று இழுத்துப் போனேன்.

அப்பா விரலால் தொட்டு முகர்ந்தார். பிறகு, குழிக்கு இரண்டு பக்கமும் ஈரமண்ணில் பதிந்திருந்த டயர் தடத்தைப் பார்த்தார்.

“மத்தியானம் வூட்ல யாரு இருந்தா?”

“அக்கா மட்டுந்தாம்பா. காலேஜி லீவு,” என்றேன், பெருமையாக.

மறுநாளிலிருந்து அக்காவை அப்பாவே பஸ் ஏற்றிவிட்டார். ஜீப் எங்களைக் கண்டும் நிற்காமல் மலைக்குப் போனது. ஜெயிக்க வைத்த எனக்கு அத்தான் கையைக்கூட ஆட்டவில்லை. ஆள் நடமாட்டம் இல்லாத இடத்தைத் தேடியது நான் மட்டுமில்லை என்பது அப்போது என் மண்டையில் ஏறவே இல்லை.

முன்சீட்டு போன வயிற்றெரிச்சலில் அக்காவிடமே போய்க் கேட்டேன்: “அத்தான் சொன்னதுதான சரி? அவருதான ஜெயிச்சாரு?”

அவள் தலை நிமிரவில்லை.

“ரெண்டு பேருமே தோத்துட்டோம், போடா.”