ஆமென் வரைக்கும் கேட்ட சத்தம்

மேபல் அக்கா போய்விட்டார் என்று அவருடைய தம்பி ஜெபராஜ் போனில் சொன்னபோது நான் பல் தேய்த்துக்கொண்டிருந்தேன். காப்பி போடப் போனவர் அடுப்படியிலேயே சரிந்திருக்கிறார். ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியில் முடிந்துவிட்டது. வாயைக் கொப்பளித்துவிட்டு நான் முதலில் நினைத்தது, நாளைக்கு மார்த்தாண்டத்துக்கு யார் வண்டியில் போவது என்றுதான். அழுகை அதற்குப் பிறகுதான் வந்தது. எழுதவே கூசுகிறது. ஆனால் மழுப்பிப் பேசுகிறவர்களை அக்காவுக்கு ஆகாது.

நம் மார்த்தாண்டம் அலுவலகத்தில் அவரை அறியாதவர்கள் கிடையாது. மேலாளரைப் பற்றி மேலாளருக்கே கேட்கும்படி பேசுவார். அந்த வெள்ளைக் காரையும் உங்களுக்குத் தெரியும். அவருடைய வீட்டுக்காரர் கல்ஃபிலிருந்து திரும்பி வந்து வாங்கிய பழைய வண்டி. அவர் காலமான பிறகு அக்காவே ஓட்டக் கற்றுக்கொண்டார். நாகர்கோவிலில் ஏறி மார்த்தாண்டத்தில் இறங்கும்வரை பக்கத்து இருக்கையில் நான். வேறு யாரையும் அந்த ஸ்டீயரிங்கைத் தொட விடமாட்டார், மெக்கானிக்கைத் தவிர. அவரையும் பக்கத்தில் நின்று அதட்டிக்கொண்டேதான் இருப்பார். என் வீட்டில் என்னை ஊமை என்பார்கள். சண்டை என்றால் மட்டும்தான் எனக்குப் பேச்சு வரும். அக்காவோடு எனக்கு தினமும் பேச்சு இருந்தது.

சண்டை முழுக்க அந்த வண்டியின் சத்தத்தைப் பற்றித்தான். ஒருமுறை வண்டி வேகமெடுத்தால் 'ஊ' என்று ஒரு இரைச்சல் வர ஆரம்பித்தது. அக்கா ரேடியோவை அணைத்தார், கண்ணாடியைத் தாழ்த்தினார். "வண்டி பேசும்போ மனுசன் வாய மூடணும், கேட்டியா தாணு" என்றார். தக்கலை தாண்டி ஒரு இறக்கத்தில் கிளட்சை மிதித்து நியூட்ரலில் விட்டார். இரைச்சல் அப்படியே இருந்தது. அப்படியானால் என்ஜின் பக்கம் இல்லை, சக்கரத்துப் பக்கம் என்றார். எந்தச் சக்கரம் என்று பார்க்க, ஆளில்லாத ரோட்டில் வண்டியை இடமும் வலமுமாக வளைத்து வளைத்து ஓட்டினார். வலப்பக்கம் திரும்பும்போது இரைச்சல் கூடியது. "எடப்பக்க பேரிங்" என்று அவர் சொல்லி முடிப்பதற்குள் ஒரு போலீஸ்காரர் கை காட்டி நிறுத்தினார்.

"குடிச்சிருக்கியளா?"

"பேரிங் பாக்கேன் சார்."

அவர் நம்பவில்லை, ஊதச் சொன்னார். அக்கா இறங்கிப் போய் ஊதினார். பிறகு என் பக்கம் கையைக் காட்டி, "இவனையும் ஊதச் சொல்லுங்க சார், இவன்தான் கியர் பாக்ஸுன்னு உளறுகான்" என்றார். நானும் ஊதினேன். மறுவாரம் இடப்பக்க பேரிங்கை மாற்றியதும் இரைச்சல் போய்விட்டது. அன்று அக்கா மார்த்தாண்டம் வரை என்னை வாரிக்கொண்டே வந்தார்.

ஆனால் இன்னொரு சத்தம் போகவில்லை. கியர் பாக்ஸ் என்று நான் சொல்லிக்கொண்டிருந்தது அதைத்தான். புறப்படும் முன் அக்கா என்ஜினை ஓட விட்டு, பெடல்களிலிருந்து கால்களை ஒதுக்கி வைத்துக்கொண்டு, கண்ணை மூடி ஜெபம் செய்வார். எதிரே வரும் கல் லாரிக்காரனுக்கு நல்ல புத்தி கேட்பார், எனக்கும் சேர்த்துக் கேட்பார். திருநீற்று நெற்றியோடு நானும் கண்ணை மூடிக்கொள்வேன். அப்போது அடியிலிருந்து 'கிர்ர்' என்று மெல்லிய அரைப்பு கேட்கும். கியர் கம்பியில் கை வைத்தால் நடுக்கம் தெரியும். ஆமென் சொல்லிவிட்டு முதல் கியர் போட அவர் கிளட்சை மிதித்ததும் சத்தம் நின்றுவிடும். மிதித்தால் நிற்கிறது என்றால் கியர் பாக்ஸுக்குள் இருக்கும் பேரிங் என்று அர்த்தம். நான் அதை விளையாட்டாக, "அக்கா ஆமென் சொன்னா சத்தம் நின்னு போவுது" என்று சொல்லிவிட்டேன். அவருக்கு முகம் சுருங்கியது.

"ஜெபத்துல கவனம் இருந்தா சத்தம் கேக்காது."

"ஜெபத்துக்கு நடுவுல ஒருவாட்டி கிளச்ச மிதிச்சுப் பாருங்க, தெரியும்."

"ஆண்டவருக்க முன்னால வச்சா பரிசோதன நடத்தச் சொல்லுக? அது வலப்பக்க வீல் பேரிங்குலே."

"நிக்கிற வண்டியில வீலு எப்பிடிச் சத்தம் போடும்?"

"அடுத்தவனுக்க காத நம்பி நான் எனக்க வண்டியத் தொறக்க மாட்டேன்" என்று முடித்துவிடுவார். மறுநாள் அதே இடத்திலிருந்து மறுபடி தொடங்கும். ரோட்டில் நடுக்கம் தெரிந்தால் கிளட்சை மிதித்து, கியரை மாற்றி, இறக்கத்தில் உருட்டி, என்ஜினா சக்கரமா என்று பிரித்துச் சொல்லத் தெரிந்தவர், நிற்கும் வண்டியில் வீல் பேரிங் சத்தம் போடுகிறது என்று சாதித்தார். அதில் ஏதோ இருக்கிறது என்று எனக்குத் தோன்றியிருக்க வேண்டும். தோன்றவில்லை. நான் ஜெயிப்பதிலேயே குறியாக இருந்தேன்.

அடக்கத்தன்று ஜெபராஜ் சாவியை என் கையில் கொடுத்தான். "அண்ணே, அம்மைய நம்ம வண்டியில கொண்டு வாங்க. அதுக்க கொணம் ஒங்களுக்குத்தான் தெரியும்." அக்காவின் தாயார் முன் இருக்கையில் உட்கார்ந்தார். பெட்டியை ஏற்றிய வண்டி முன்னால் நின்றது. புறப்படத் தயாராக நான் என்ஜினை ஓட விட்ட நேரத்தில் போதகர் கையை உயர்த்தி ஜெபிக்க ஆரம்பித்தார். எல்லோரும் தலை குனிந்தார்கள். அடியிலிருந்து 'கிர்ர்' என்று கேட்டது.

அந்தக் கிளட்சில் என் கால் பட்டது அன்றுதான் முதல் முறை. மிதித்தேன். நின்றது. விட்டேன். வந்தது. மறுபடியும் மிதித்தேன். போதகர் அக்காவின் ஆத்துமாவுக்காக மன்றாடிக்கொண்டிருக்கிறார், நான் மிதிப்பதும் விடுவதுமாக இருக்கிறேன். நான்தான் சரி, நான்தான் சரி என்று நெஞ்சு துள்ளியது. பாவி, நான் சிரித்தும்விட்டேன். பல் தெரியச் சிரித்தேன். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவருடைய பெட்டி இருந்தது.

"என்ன மக்கா சிரிக்கே?" என்றார் தாயார்.

பூமி பிளந்து என்னை விழுங்கியிருக்கலாம். மறைக்கத் தெம்பு இல்லாமல், "கியர் பாக்ஸுதான் அம்மா" என்றேன்.

அவர் என் காலைப் பார்த்தார். "அவளும் இப்பிடித்தான். நீ ஏறாத நேரத்துல மிதிச்சு மிதிச்சுப் பாப்பா. தாணுப் பய சொன்னதுதான் செரிம்மா, ஆனா அவன்கிட்டச் சொல்லிராதேன்னு சொல்லுவா. ஒத்துக்கிட்டா பொறவு அவன் மார்த்தாண்டம் வரை வாயத் தொறக்க மாட்டானாம்."

போதகர் ஆமென் சொன்னார். நான் கிளட்சை மிதித்து முதல் கியரைப் போட்டேன். கல்லறைத் தோட்டம் வரை எனக்கு ரோடு சரியாகத் தெரியவில்லை. எத்தனை காலமாகவோ எனக்காகத் தோற்காமல் இருந்தவரை, அவருடைய பெட்டியின் பின்னால் உட்கார்ந்து தோற்கடித்திருக்கிறேன்.

பிறகு ஒருநாள் ஜெபராஜ் வந்து, வண்டியைச் சரி பண்ணி வைத்துக்கொள்ளலாம் என்றிருக்கிறேன், என்ன கோளாறு அண்ணே என்று கேட்டான். "வலப்பக்க வீல் பேரிங்னு அக்கா சொல்லுவா" என்றேன். அவன் கிளம்பும்போது, "கியர் பாக்ஸையும் பாக்கச் சொல்லு" என்றேன்.

அக்காவிடமிருந்து எனக்கு மிஞ்சியது ஒரு பழக்கம்தான். இப்போது என் வண்டியில் போகிறேன். புறப்படும் முன் என்ஜினை ஓட விட்டு, கிளட்சிலிருந்து காலை எடுத்துவிட்டு, கண்ணை மூடி உட்கார்ந்திருக்கிறேன். எந்தச் சத்தமும் கேட்பதில்லை, வண்டி நன்றாகத்தான் இருக்கிறது. எப்படி முடிப்பது என்று தெரியாமல் ஆமென் என்றே சொல்லிவிடுகிறேன். அதற்குப் பிறகு மார்த்தாண்டம் வரை பேச்சு இல்லை.