அசையாத மாரிச்சாமி

இன்சீன் ரயில்வே பட்டறையில் முப்பத்தோரு வருஷம் ஃபிட்டராக இருந்த மாரிச்சாமியின் பெயர் எந்த வரலாற்றிலும் இடம்பெறவில்லை. அதற்காக வரலாறுதான் வெட்கப்பட வேண்டும். அசையாமல் உட்காருவதில் அவருக்கு இணையான மனிதர் அன்றைய பர்மாவின் யாங்கோனில் யாரும் கிடையாது. மேசைக்குப் பின்னால் வருஷக்கணக்காக அசையாமல் உட்கார்ந்திருந்தவர்கள் நகரத்தில் பலர் உண்டு என்பது உண்மைதான். ஆனால் அவர்கள் சம்பளத்துக்கு உட்கார்ந்தவர்கள். மாரிச்சாமி காட்டுக்கோழிக்காக உட்கார்ந்தவர்.

ஞாயிற்றுக்கிழமைகளில் முதல் ரயிலைப் பிடித்து மோபிக்குப் போவார். அங்கிருந்து ஒரு மணி நேரம் நடந்தால் மூங்கில் காடு. துப்பாக்கி கிடையாது. ஒரு கூடை, கூடைக்குள் ஒரு சேவல், மடியில் ஒரு சுருள் கண்ணிக் கயிறு, அவ்வளவுதான். அந்தச் சேவலுக்குப் பார்வைக் கோழி என்று பெயர். வெட்டவெளியில் அதன் காலைக் கட்டி நிறுத்தி, சுற்றிலும் கண்ணி வைத்துவிட்டு, தன் தோளைவிட அகலமான மரமாகப் பார்த்து அதில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்துவிடுவார். பார்வைக் கோழி கூவும். என் எல்லையில் எவன் கூவுகிறான் என்று காட்டுச் சேவல் மார்பை நிமிர்த்திக்கொண்டு சண்டைக்கு வந்து, கண்ணியில் காலை வைக்கும்.

இவ்வளவுதானா என்று கேட்பவர்கள் காட்டுக்கோழியை அறியாதவர்கள். அதற்குக் கண் தலையின் இரண்டு பக்கமும் இருக்கிறது. கழுத்தை லேசாகத் திருப்பினால் முன்னும் பின்னும் சேர்ந்தே தெரியும். காது வெளியில் தெரியாதே தவிர, ஒரு சருகு நொறுங்கினால் எந்தத் திசையில், எவ்வளவு தூரத்தில் என்று அது கணக்குப் போட்டுவிடும். நிறமும் நன்றாகத் தெரியும். ஆகவே மாரிச்சாமி வெளுத்துப்போன பச்சைக் கைலியும் பழைய பச்சைச் சட்டையும்தான் உடுத்துவார். சட்டிக் கரியை எண்ணெயில் குழைத்து முகத்திலும் கையிலும் பூசிக்கொள்வார். அதற்கு முன்னால் நெற்றியில் இருக்கும் திருநீற்றைத் துடைத்துவிடுவார். முருகன் மன்னிப்பான், கோழி மன்னிக்காது என்பது அவருடைய கட்சி.

எல்லாவற்றுக்கும் மேலான சட்டம் ஒன்று உண்டு. பறவையின் கண்ணைப் பார்க்கக் கூடாது. பார்த்தால் அதற்குத் தெரிந்துவிடும். எப்படித் தெரியும் என்று கேட்டால் மாரிச்சாமிக்குக் கோபம் வரும். பார்த்தே ஆக வேண்டுமென்றால் அதன் காலைப் பார்க்கலாம். எப்படியும் கண்ணிக்கு வரப்போவது கால்தானே.

இப்படிப்பட்ட மேதைக்குப் பிறந்த ஒரே மகன் மோகன் சைவம். ஒன்பது வயதில், அப்பா கொண்டுவந்த கோழியின் கழுத்தைத் தொட்டுப் பார்த்து, சூடு இன்னும் ஆறாததைக் கண்டு, அன்றோடு கறியை விட்டவன். காட்டுப் பக்கம் ஒருநாளும் எட்டிப் பார்த்ததில்லை. வேட்டைக்கு அவன் செய்த ஒரே உதவி, கல்லூரிக் காலத்தில், பன்சொடான் தெருவின் நடைபாதைக் கடையில் அப்பா வாங்கிவந்த பழைய ஆங்கிலப் பத்திரிகையை வாசித்துச் சொன்னதுதான். அதில் மூஞ்சிக்குச் சாயம் பூசிய வெள்ளைக்காரர் ஒருவர் மரத்தில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார்.

“அமெரிக்காவுல காட்டு வான்கோழி பிடிக்கிறாங்களாம்பா. அதுக்குக் கண்ணு மனுசனவிடக் கூர்மையாம். ரொம்பக் கூவிக் கூப்பிட்டாலும் சந்தேகப்படுமாம்.”

“நம்மளப் பாத்துத்தான் கத்துக்கிட்டிருப்பான்,” என்றார் மாரிச்சாமி.

“ஆனா மோப்பம் மட்டும் அவ்வளவா கிடையாதாம்.”

மாரிச்சாமி இடிந்துபோனார். வாசனை காட்டிக்கொடுத்துவிடும் என்று பன்னிரண்டு வருஷமாகச் சனிக்கிழமைகளில் சோப்புப் போடாமல் குளித்தவர் அவர்.

“அந்த நாத்தத்தச் சகிச்சது நானு,” என்றாள் அவர் மனைவி கனகாம்பாள். “இத மொதல்லயே படிச்சிச் சொல்லியிருக்கக் கூடாதா?”

ஒரு கோழியைப் பிடிக்க இவ்வளவு படிப்பா என்று சொல்லிவிட்டு மோகன் எழுந்து போனான்.

1988 ஆகஸ்டில் ஆட்சியை எதிர்த்து மாணவர்கள் தெருவுக்கு வந்தார்கள். மோகனும் போனான். செப்டம்பரில் ராணுவம் சுட்டதில் தெருக்கள் காலியாயின. மோகன் திரும்பவில்லை. ஆறு வாரம் கழித்து, எல்லையிலிருந்து தாய்லாந்துச் செருப்பும் போர்வையும் கொண்டுவந்து விற்கும் பக்கத்துத் தெரு வாஜித் சேதி கொண்டுவந்தான்: பிள்ளை எல்லைக்காட்டில் கூட்டாளிகளோடு இருக்கிறான், உயிரோடு இருக்கிறான், தேட வேண்டாம்.

அவனைத் தேடுகிற வேலையை வேறு ஆட்கள் ஏற்கெனவே எடுத்துக்கொண்டிருந்தார்கள். வீட்டுக்கு எதிரே இருந்த டீக்கடையில் ஒருவர் வந்து உட்கார்ந்தார். மறுநாளும் உட்கார்ந்தார். அதற்கடுத்த நாளும். மாரிச்சாமிக்கு முதலில் வந்தது பயமில்லை, தொழில்முறைக் கோபம். அந்த மனிதர் வெள்ளைச் சட்டை போட்டிருந்தார். மணிக்கட்டில் வெயில் பட்டு ஜொலிக்கும் கடிகாரம். வெற்றிலையைக் குதப்பித் துப்பினார். கால் மாற்றிக் கால் போட்டார். நாலு நிமிஷத்துக்கு ஒருமுறை, தொண்டையில் சிக்கிய எதையோ இழுத்தெடுப்பதுபோல் இருமினார். செய்தித்தாளால் முகத்தை மறைத்துக்கொண்டார், ஆனால் பக்கத்தைப் புரட்டவே இல்லை. இந்த லட்சணத்தில் காட்டில் உட்கார்ந்தால் அடுத்த மாவட்டத்துக் கோழிகள்கூடப் பறந்துவிடும். கூப்பிட்டு நாலு வார்த்தை சொல்லிக்கொடுக்கலாமா என்று மாரிச்சாமி உண்மையாகவே யோசித்தார். அந்த இருமல்காரரோ, எதிரில் பட்டபோதெல்லாம், “ஊலே, சாப்பிட்டாச்சா?” என்று, பர்மிய மொழியில் மாமா போட்டு மரியாதையோடு விசாரித்தார்.

ஒருநாள் பட்டறைக்குப் போகும் வழியில் மாரிச்சாமிக்கு ஒன்று உறைத்தது. தன்னை ஏன் யாரும் பிடித்துப்போகவில்லை? ஏன் வேலையிலிருந்து நீக்கவில்லை? ஏன் வீட்டில் தின்னவும் தூங்கவும் விட்டு வைத்திருக்கிறார்கள்? காலைக் கட்டி வெட்டவெளியில் நிறுத்தியிருக்கிறார்கள். பார்வைக் கோழி அவர்தான். அவர் ஒரு சத்தம் கொடுத்தால், காட்டில் இருப்பது வந்து கண்ணியில் காலை வைக்கும்.

அன்று சாயங்காலம் வீட்டுக்குப் போய்ச் சேவலின் கால்கட்டை அவிழ்த்துவிட்டார். அது முற்றத்தைவிட்டு எங்கும் போகவில்லை. போக இடம் தெரியாதது அதன் பிரச்சினை. அவர் அதற்குப் பிறகு காட்டுக்குப் போகவில்லை.

மூன்று வருஷம் இப்படிக் கழிந்தது. 1991 மழை முடிந்தபோது வாஜித் ஒரு மூட்டைச் செருப்போடு வந்து, கதவைச் சாத்தச் சொல்லிவிட்டு விஷயத்தைச் சொன்னான். மோகன் ஒரு காரியமாக யாங்கோனுக்குள் வந்திருக்கிறான். நாளை மறுநாள் போய்விடுவான். நகரத்தைச் சுற்றிவரும் வட்ட ரயிலில், நாளை காலை எட்டரை மணிக்கு, மாமா கடைசிப் பெட்டியில் ஏறட்டும். தமைங்கில் அவன் ஏறி எதிர்ப் பலகையில் உட்காருவான். கெமண்டைனில் இறங்கிவிடுவான். பேச்சு வேண்டாம். ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டால் போதுமென்று சொல்கிறான்.

கனகாம்பாள் தானும் வருவதாகச் சொன்னாள். மாரிச்சாமி ஒத்துக்கொள்ளவில்லை. அவளால் அழாமல் இருக்க முடியாது. ஒரு சொட்டுக் கண்ணீர் போதும், பெட்டி முழுக்கத் திரும்பிப் பார்க்கும். இந்த வேலைக்கு நாட்டிலேயே தகுதியான ஆள் நான்தான் என்றார்.  கனகாம்பாள் வாசல்வரை வந்து அவர் நெற்றியில் திருநீறு பூசி, ஒன்றே ஒன்று கேட்டாள்.

“மூஞ்சிய நல்லாப் பாத்துட்டு வாங்க. எளச்சிருக்கானா, கன்னம் ஒட்டிருக்கான்னு. எனக்கு வந்து சொல்லணும்.”

ரயில் தமைங்கில் நின்றது. கீரைக்கூடையோடு இரண்டு பெண்கள் ஏறினார்கள். அவர்களுக்குப் பின்னால் ஒருவன் ஏறி எதிரே உட்கார்ந்தான். அந்த நொடியில், பெட்டியின் பின்கோடியிலிருந்து ஓர் இருமல் கேட்டது. தொண்டையில் சிக்கிய எதையோ இழுத்தெடுக்கும் இருமல்.

மாரிச்சாமி திரும்பிப் பார்க்கவில்லை, திரும்புவது அசைவு. அவருடைய உடம்பு, இருபது வருஷம் பழகியதைத் தானாகச் செய்தது. மூச்சு மூக்குக்குள் இறங்கியது. தோள் பலகையோடு பலகையாயிற்று. முகத்திலிருந்து மனிதன் என்ற அடையாளம் எல்லாம் வடிந்துபோயிற்று. கண் தரைக்கு இறங்கி, எதிரே இருந்தவனின் கால்களில் போய் நின்றது. ஆறு ஸ்டேஷன். ஓச்சினில் மறுபடி அந்த இருமல். ஹ்லேடானில் கூட்டம் ஏறி இறங்கியது. எதிரே இருந்த கால்கள் ஒருமுறை முன்னால் நகர்ந்தன. பெருவிரல் அவருடைய செருப்பின் நுனியை லேசாகத் தொட்டது. மாரிச்சாமி அசையவில்லை. அவர் வாழ்நாளிலேயே அவ்வளவு சிறப்பாக அசையாமல் இருந்தது அன்றைக்குத்தான். கெமண்டைனில் அந்தக் கால்கள் எழுந்தன. கொஞ்ச நேரம் அவருக்கு முன்னாலேயே நின்றன. பிறகு இறங்கிப் போயின.

வட்டத்தை முழுக்கச் சுற்றி அவர் இன்சீனில் இறங்கி வீட்டை நெருங்கியபோது, எதிர்க் கடையில் இருமல்காரர் வாயைத் திறந்து தூங்கிக்கொண்டிருந்தார். காலையிலிருந்து இப்படித்தான் கிடக்கிறார், ஜுரமாம், என்றார் டீக்கடைக்காரர். ரயிலில் இருமியது யாரோ ஒரு பிரயாணி. சளி பிடித்த எவரும் இரும உரிமையுள்ளவர்தானே.

மாரிச்சாமி வீட்டுக்குள் போனார்.

“எளச்சிருக்கானா?” என்றாள் கனகாம்பாள்.

“எடது கால் பெருவெரலு நகம் கருத்துப்போச்சு. எங்கயோ இடிச்சிருக்கான்.”

“மூஞ்சி?”

“செருப்பு வாரு அறுந்து, கம்பியால கட்டியிருக்கான்.”

அவள் இன்னும் கொஞ்ச நேரம் காத்திருந்தாள். அப்புறம் அடுப்படிக்குப் போய்விட்டாள். மறுநாள் வாஜித்தின் மூட்டையிலிருந்து ஒரு ஜோடி செருப்பைக் காசு கொடுத்து வாங்கி, வந்த வழியிலேயே எல்லைக்குத் திருப்பி அனுப்பினாள். அந்தச் செருப்புகள் அளவுக்குப் பயணம் செய்தவை அந்த மூட்டையில் வேறில்லை.

அவள் அதற்கப்புறம் கேட்கவில்லை. அதுதான் மாரிச்சாமியால் தாங்க முடியவில்லை. ஒரு மாதம் கழித்துச் சாப்பிடும்போது, யாரோ கேட்டதற்குப் பதில்போல, “மீச வச்சிருக்கான்,” என்றார். கனகாம்பாளின் கை சோற்றில் நின்றது. “நல்லா அடர்த்தியா,” என்றார். பொங்கலுக்குத் தலைமுடி வந்தது: வலப்பக்கம் வகிடு, காதை மறைக்கும் நீளம். அந்த மழைக்காலத்தில் கன்னம் ஒட்டவில்லை என்று தெரிந்தது. சொல்லப்போனால் கொஞ்சம் சதை போட்டிருந்தான். இப்படி ஐந்து வருஷத்தில் ஒரு முழு முகத்தைச் சிறுகச் சிறுகக் கொடுத்து முடித்தார். பட்டறையில் அவர் செய்த எந்தப் பாகமும் அத்தனை கச்சிதமாக வந்ததில்லை. அவளும் ஒவ்வொன்றையும் வாங்கி வைத்துக்கொண்டாள். முரண்பாடு ஒன்றைக்கூட எடுத்துக் காட்டவில்லை.

1996இல் வாஜித் மூட்டை இல்லாமல் வந்தான். உட்காரச் சொல்லியும் நின்றான். மலேரியா, ஐந்து மாசமாச்சு, மழையில் பாதை அடைத்துக் கிடந்ததால் தனக்கே இப்போதுதான் தெரியும் என்றான். சட்டைப் பையிலிருந்து ஒரு படத்தை எடுத்துக் கனகாம்பாளிடம் கொடுத்தான்.

அவள் படத்தைப் பார்க்காமல் கேட்டாள். “என்ன சொன்னான்? கடைசியா உங்கிட்டப் பேசுனப்ப எங்களப் பத்தி என்ன சொன்னான்?”

“அத விடுங்க மாமி.”

“சொல்லுப்பா.”

வாஜித் மாமாவைப் பார்த்தான், பிறகு சுவரைப் பார்த்தான். “மாமாவத் தப்பாச் சொல்லல. அவருக்கு நான் வேணாம்போல, ரயில்ல ஒரு தடவகூட எம்மூஞ்சிய நிமிந்து பாக்கல, கால நீட்டித் தொட்டும் பாத்தேன், அப்படின்னு சொன்னான். அதான் அவன் மறுபடி சேதி அனுப்பல. நானும் உங்ககிட்டச் சொல்லல.”

மாரிச்சாமி உட்கார்ந்தபடியே காலைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டார்.  

கனகாம்பாள் படத்தை வெளிச்சத்துக்குக் கொண்டுபோனாள். அதில் இருந்தவனுக்கு மீசை இல்லை. தலையை ஒட்ட வெட்டியிருந்தான். மூக்குக்கண்ணாடி போட்டிருந்தான். கன்னம் இரண்டும் உள்ளே போயிருந்தன. அவள் வெகுநேரம் பார்த்தாள். ஒவ்வொன்றாகப் பார்த்தாள்.

“நீங்க சொன்ன மாதிரியேதான் இருக்கான்,” என்றாள்.

மாரிச்சாமி ஏதோ சொல்ல எழுந்தார்.

“சும்மா இருங்க,” என்றாள் கனகாம்பாள், படத்தைவிட்டுக் கண்ணை எடுக்காமல். “எனக்குத் தெரியுது.”