மாதம்மாளும் வரப்பு எருக்கின் வெட்டுக்கிளிகளும்

கெலவரப்பள்ளி அணைக்குக் கீழே மாதம்மாளைப் 'பூச்சிக்காரி' என்றுதான் சொல்வார்கள். பட்டுப்புழு வளர்ப்பதால் வந்த பெயர் என்று நினைத்தால் தப்பு. புழுவுக்கு மல்பெரித் தழை போட்ட கையோடு, மற்ற வேலை கிடக்கட்டும் என்று வரப்பிலிருக்கும் எருக்கு முன்னால் போய் உட்கார்ந்துவிடுவாள். அங்கே மஞ்சளும் நீலமுமாகக் கோடு போட்ட வெட்டுக்கிளிகள். அடடா, என்ன அழகு! எருக்கந்தழை தின்று உடம்பெல்லாம் விஷம் என்பதால் காக்காய்கூடத் தொடாது. பிடித்தால் ஒரு சாற்றைப் பீய்ச்சும். ஒருமுறை அது கண்ணில் பட்டு இரண்டு நாள் எரிந்தது. "நான் ஏன் புடிச்சன்? அதான் அடிச்சிடுச்சி" என்றாளே தவிர, பூச்சியைத் திட்டவில்லை. மண்ணுக்குள் முட்டையிடுவதிலிருந்து குஞ்சு தோலுரித்து இறக்கை முளைப்பதுவரை, ஆறு வருஷமாகப் பார்த்து அவளுக்கு எல்லாம் அத்துப்படி.

அந்தக் கோடையில், வடக்கே வெட்டுக்கிளிப் படை பயிரை மொட்டையடிக்கும் வீடியோ எல்லார் போனுக்கும் வந்தது. அவ்வளவுதான். பக்கத்துத் தோட்டத்து ராமப்பன் பூச்சிமருந்து டேங்கை முதுகில் மாட்டிக்கொண்டு வரப்புக்கு வந்துவிட்டார். அவர் தக்காளி பழுத்து நிற்கிறது. இரண்டு நாளில் பறித்து ராயக்கோட்டை மண்டிக்கு ஏற்ற வேண்டும்.

மாதம்மாள் ஓடிவந்தாள். காற்று இவள் மல்பெரிப் பக்கம்தான் வீசுகிறது. மருந்து பட்ட தழையைத் தின்றால் ஷெட்டிலிருக்கும் புழு மொத்தமும் சாகும். இன்னும் மூன்றே நாளில் கூடு கட்டப்போகும் புழுக்கள்.

"அண்ணா, நிறுத்துண்ணா! இது அந்த வெட்டுக்கிளி இல்ல. இது எருக்கத் தவிர வேற எதையும் தொடாது."

"உனக்கு இன்னாம்மா தெரியும்? வீடியோ பாத்தியா நீ?"

"ஆறு வருஷமா இதத்தான் பாக்கறன். செத்தாலும் உன் தக்காளிய தொடாது. என் புழு மேல சத்தியம்."

ராமப்பன் முறைத்தார். பிறகு டேங்கைக் கீழே இறக்கினார். அப்பாடா என்று அவள் மூச்சு விடுவதற்குள் இடுப்பிலிருந்த அரிவாளை உருவினார்.

"சரி, மருந்து வேணாம். எருக்கையே வெட்டி எறிஞ்சிடறன். உனக்கும் நல்லது, எனக்கும் நல்லது."

மாதம்மாள் திக்கென்று நின்றாள். அவள் சொன்னதில் பாதி பொய். இரண்டு வருஷத்துக்கு முன் ரோட்டோர எருக்கை வெட்டியபோது, பசித்த வெட்டுக்கிளிகள் அவளுடைய கத்தரியில் இறங்கித் தழையைக் கடித்தன. யாரிடமும் அவள் சொன்னதில்லை. இப்போது வாயை மூடிக்கொண்டால் புழு பிழைத்துவிடும். தக்காளி அவர் பாடு! சொன்னாலோ, டேங்க் திரும்ப முதுகில் ஏறும்.

முதல் கிளை விழுந்தது. நாலைந்து வெட்டுக்கிளிகள் தக்காளிப் பக்கம் தாவின.

"வெட்டாதண்ணா!" கத்தியேவிட்டாள். "எருக்கு இருக்கற வரைக்கும்தான் சும்மா இருக்கும். வெட்டுனா பசியில உன் தோட்டத்துல எறங்கிடும். என் கத்தரிய கடிச்சிருக்குது."

"அப்போ பொய் சத்தியமா பண்ணுன?"

"ஆமாண்ணா, பொய்தான். என் புழுவுக்காகச் சொன்னன்."

ராமப்பனின் கை டேங்கின் வாரைப் பிடித்தது. அவர் தக்காளியைப் பார்த்தார், அவளைப் பார்த்தார்.

"வாய மூடிக்கினு இருந்திருந்தா உன் புழு தப்பிச்சிருக்கும் இல்ல?"

அவள் தலையாட்டினாள். அவர் டேங்கைத் தூக்கிக்கொண்டு வீட்டுப் பக்கம் நடந்தார்.

மறுநாள் காலை தழை பறிக்க வந்தவள் பதறிப்போனாள். ராமப்பன் எருக்கின்மேல் குனிந்து எதையோ ஊற்றிக்கொண்டிருந்தார். பாவி மனுஷன்! ஓடிப்போய்க் குடத்தைப் பிடுங்கி மூக்கருகே வைத்தாள். மருந்து வாடையே இல்லை.

"தண்ணிதான் மாதம்மா. வெயிலு ஜாஸ்தி. எருக்கு வாடிடப் போவுது" என்றார்.

எருக்குக்குத் தண்ணீர்! பாறை இடுக்கிலும் முளைக்கிற செடிக்கு! அவளுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. அதெல்லாம் வேண்டாம் என்று சொல்ல மனம் வராமல், குடத்தில் மீதியிருந்ததை அவளே எருக்கின் வேரில் ஊற்றினாள்.